‘பவர் 4/5’ என்று எழுதியிருக்கிறார்களே, அதை எவ்வளவு நம்பலாம்? நாள்பட்ட நோயாளிகளின் தசை வலிமைப் பரிசோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிசியோதெரபி ஓபியில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கேள்விகள் புதிதில்லை. நோயாளியின் மகளோ மகனோ ரிப்போர்ட்டை நீட்டிக் கேட்பார்கள். புராஜெக்ட் எழுதும் மாணவர்கள் வேறு விதமாகக் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலும் போட்டிருக்கிறேன். முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கும் ருமாட்டாய்டு நோய்), டயாலிசிஸ், பக்கவாதம், பார்க்கின்சன், சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்று வருடக்கணக்கில் நோயோடு இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது. கை முறிந்து கட்டுப் பிரித்தவருக்கு இதில் பாதி தேவைப்படாது.

1. ரிப்போர்ட்ல பவர் 4/5னு போட்டிருக்கு. அப்படின்னா 80 சதவீதம் பலம் இருக்குன்னு அர்த்தமா?

இல்லை. 0 என்றால் தசையில் எந்த அசைவும் இல்லை. 1 என்றால் தசை துடிப்பது தெரியும், மூட்டு அசையாது. 2 என்றால் புவியீர்ப்பு குறுக்கே வராதபடி கிடத்தினால் அசைக்க முடியும். 3 என்றால் புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்க முடியும். 4 என்றால் அதற்கு மேல் நாம் கொடுக்கும் எதிர்ப்பையும் ஓரளவு தாங்கும். 5 இயல்பு. இவை தர வரிசை எண்கள். சதவீதக் கணக்கு இதில் எங்கேயும் கிடையாது.

முழங்கையை மடக்கும் தசையைப் பாருங்கள். முன்கையும் உள்ளங்கையும் சேர்ந்து சுமார் ஒன்றரை கிலோதான் இருக்கும். அதை மட்டும் தூக்கிவிட்டால் 3 கிடைத்துவிடும். நல்ல உடம்புக்காரர் அதே கையில் பத்து கிலோ அரிசிப் பையை மடக்கித் தூக்குவார். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே கிரேடுதான்: 4. பாதி பலம் போனவரும் 4, கொஞ்சம் மட்டும் போனவரும் 4.

எதற்காக உருவான வரிசை என்று தெரிந்தால் இந்தக் குறை புரியும். 1910களில் அமெரிக்காவின் பாஸ்டனில் ராபர்ட் லவெட் என்ற எலும்பு மருத்துவரும் அவருடன் வேலை பார்த்தவர்களும் போலியோ நோயாளிகளுக்குப் புவியீர்ப்பை அளவுகோலாக வைத்துத் தரம் பிரித்தார்கள். 1943ல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், நரம்பு அறுபட்டவர்களைப் பரிசோதிப்பதற்காக வெளியிட்ட கையேட்டில் 0 முதல் 5 வரையான வரிசையைப் போட்டது. எம்ஆர்சி கிரேடு என்று நாம் சொல்வது அதைத்தான். செயலிழந்த தசையில் உயிர் திரும்புகிறதா என்று பார்ப்பதற்குப் பிறந்தது. பத்து வருடமாக சுகரோடு நடமாடிக்கொண்டிருப்பவரின் பலம் மெல்லக் குறைகிறதா என்று பார்க்க அதையே எடுத்தால், எல்லாரும் 4ல் வந்து குவிகிறார்கள்.

2. ஒரு பிசியோ 4ங்கிறார், டாக்டர் 4+ங்கிறார், இன்னொருத்தர் 5ங்கிறார். யார் சொல்றது சரி?

மூன்று பேரும் நேர்மையாகவே சொல்லியிருக்கலாம். 0 முதல் 3 வரை பார்ப்பவர் கைக்கு வேலை இல்லை, புவியீர்ப்பே நடுவர். அதனால் அங்கே கருத்து வேற்றுமை குறைவு. 4, 5 என்று வரும்போது எதிர்ப்பைக் கொடுப்பது நம் கை. எண்பது கிலோ எடையுள்ள ஆண் பிசியோ அமுக்கும்போது மடங்கிவிடும் கால், ஒல்லியான மாணவி அமுக்கும்போது அசையாமல் நிற்கும். தொடைத் தசை இன்னும் மோசம். கணிசமாக பலவீனப்பட்ட தொடைத் தசையைக்கூட வெறும் கையால் வெல்ல முடியாது. ‘கால் பவர் 5/5’ என்று எழுதியிருக்கும், நோயாளி இரண்டு கையையும் ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ மாட்டார்.

பிளஸ், மைனஸ் சேர்த்தால் துல்லியம் கூடும் என்று நினைப்பதுண்டு. தடுமாற்றம்தான் கூடும். 2012ல் வெளியான ஒரு ஆய்வில் நரம்புத்தசை நோயாளிகளின் எம்ஆர்சி மதிப்பெண்களை அலசியபோது, இருக்கிற ஆறு படிகளையே மருத்துவர்களால் ஒழுங்காகப் பிரித்தறிய முடியவில்லை என்று தெரிந்தது. நான்கு படிகளாகக் குறைக்கலாம் என்றே பரிந்துரைத்தார்கள். ஒரே ஆள், ஒரே முறையில், மாதாமாதம் பார்த்து 4+ என்று எழுதினால் அதற்கு ஓரளவு பொருள் உண்டு. ஆள் மாறினால் அந்தப் பிளஸ்ஸைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

3. அப்போ கையால பார்க்கிறதே வேஸ்ட்டா? மெஷின்ல பார்த்தா சரியா வருமா?

வேஸ்ட் இல்லை. தசை 3க்குக் கீழே இருந்தால் கைதான் சிறந்த கருவி, மெஷின் அங்கே பூஜ்யம் காட்டும். ஐசியுவில் நீண்ட நாள் கிடந்தவர்களுக்கும் கையால்தான் பார்க்கிறார்கள்: இரண்டு பக்கமும் ஆறு ஆறு தசைக்குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் 5, மொத்தம் 60. 48க்குக் கீழே வந்தால் ஐசியுவில் வந்த தசை பலவீனம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு தசையில் வரும் சின்னப் பிசகு பன்னிரண்டைக் கூட்டும்போது ஓரளவு அமுங்கிவிடுகிறது.

3க்கு மேல் இருப்பவர்களுக்கு, அதாவது ஓபிக்கு நடந்து வரும் பெரும்பாலானவர்களுக்கு, கையடக்க டைனமோமீட்டர் உதவும். உள்ளங்கையில் வைத்து நோயாளியின் காலிலோ கையிலோ அழுத்தினால் கிலோவிலோ நியூட்டனிலோ எண் வரும். எண் வந்துவிட்டது என்பதாலேயே அது சரியாகிவிடாது. உதாரணமாக முழங்கால் மூட்டிலிருந்து 30 செ.மீ. கீழே கருவியை வைத்தபோது 20 கிலோ வந்தது என்று வையுங்கள். அடுத்த முறை 27 செ.மீ.யில் வைத்தால் அதே தசை, அதே முயற்சி, 22 கிலோவுக்கு மேல் காட்டும். நெம்புகோல் கணக்கு அவ்வளவுதான். மூன்று விரல் அகலம்கூட இல்லாத அந்த வித்தியாசத்தை ‘பத்து சதவீத முன்னேற்றம்’ என்று யாராவது கேஸ் ஷீட்டில் எழுதிவிடுவார்கள். பேனாவால் தோலில் ஒரு கோடு போட்டு, மூட்டிலிருந்து எத்தனை செ.மீ. என்று குறித்து வைப்பது கருவியின் விலையைவிட முக்கியம்.

இன்னொன்று, நோயாளி தள்ளும்போது நாம் அசையாமல் நிற்கிறோமா, அல்லது அவர் பிடி தளரும்வரை நாம் தள்ளுகிறோமா என்பது. இரண்டாவது முறையில் எண் பெரிதாக வரும். ஒரு முறை இப்படி, ஒரு முறை அப்படி என்று பார்த்தால் ஒப்பிட வழியில்லை. வலியுள்ள மூட்டு, எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கு முதல் முறையே போதும், பாதுகாப்பும்கூட. தொடைத் தசைக்குக் கருவியை ஒரு பெல்ட்டால் கட்டில் காலில் கட்டிவிட்டால் நம் கைபலம் கணக்கிலிருந்து விலகிவிடும். பெரிய மருத்துவமனைகளில் இருக்கும், மூட்டை ஒரே வேகத்தில் அசைய விட்டு அளக்கும் ஐசோகைனெடிக் மெஷின் இன்னும் துல்லியமானது. ஆனால் அதில் ஏறி உட்கார்ந்து, பட்டை கட்டி, முழுக்க முயற்சி செய்து முடிக்க எல்லா நாள்பட்ட நோயாளிக்கும் தெம்பு இருப்பதில்லை.

4. கைப்பிடி மீட்டர்ல ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நம்பர் வருது. மெஷின் கோளாறா?

மெஷினும் கோளாறாக இருக்கலாம். ஹைட்ராலிக் வகை மீட்டர்கள் கீழே விழுந்தாலோ எண்ணெய் கசிந்தாலோ குறைத்துக் காட்டும். வருடத்துக்கு ஒரு முறையாவது தெரிந்த எடையைத் தொங்கவிட்டுச் சரிபார்க்க வேண்டும். ஆனால் பெரும்பாலும் காரணம் உட்காரும் விதம்தான். ஜமார் என்ற ஹைட்ராலிக் மீட்டரில் பிடியை ஐந்து நிலைகளில் வைக்கலாம், பொதுவாக இரண்டாவது நிலையில் வைப்பது வழக்கம். அமெரிக்கக் கை சிகிச்சையாளர் சங்கம் பரிந்துரைக்கும் முறைப்படி நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து, தோளை உடம்போடு ஒட்டி, முழங்கையை 90 டிகிரி மடக்கி, கட்டை விரல் மேலே பார்க்கும்படி முன்கையை வைத்து அழுத்த வேண்டும். கையை நீட்டி நின்றுகொண்டு அழுத்தினால் வேறு எண்.

நாம் பேசுவதும் ஒரு காரணம். ‘அழுத்துங்கம்மா’ என்று சொல்லிவிட்டு போனைப் பார்ப்பவருக்கு ஒரு எண் வரும். ‘அழுத்துங்க, நல்லா அழுத்துங்க, இன்னும், இன்னும், இன்னும்... விடுங்க’ என்று குரல் கொடுப்பவருக்கு வேறு எண் வரும். எதைச் சொல்வது, எவ்வளவு சத்தமாகச் சொல்வது என்பதுவரை முடிவு செய்து வைத்திருப்பார்கள் ஆய்வு நடத்துகிறவர்கள். ஓபியில் அவ்வளவு முடியாது. ஒரே வாக்கியத்தையாவது எல்லாரிடமும் சொல்லுங்கள். டயலை நோயாளிக்குக் காட்டுவதா மறைப்பதா என்பதையும் ஒரு முறை முடிவு செய்துவிட்டால் அதை மாற்றாதீர்கள். எண்ணைப் பார்த்துக்கொண்டே அழுத்துகிறவர் தன்னோடு தானே போட்டி போடுவார்.

5. மூணு தடவை அழுத்தினதுல எதை எடுக்கணும், பெருசையா சராசரியையா?

இரண்டும் நடைமுறையில் உண்டு. அமெரிக்கச் சங்கம் மூன்றின் சராசரி என்கிறது. முதியவர்களின் தசை இழப்பைப் பார்க்கும் ஆய்வுகளில் பெரியதையே எடுப்பது வழக்கம். எதை எடுத்தாலும் அதையே தொடர்ந்து எடுங்கள், எது என்று எழுதியும் வையுங்கள். சராசரியை எடுத்த போன மாதத்தோடு பெரியதை எடுத்த இந்த மாதத்தை ஒப்பிட்டால், ஒன்றுமே நடக்காமல் நோயாளி தேறிவிடுவார். மயஸ்தீனியா (பயன்படுத்தப் பயன்படுத்தத் தசை சோர்ந்துபோகும் நோய்) நோயாளிக்கு மட்டும் மூன்று எண்ணையும் தனித்தனியாக எழுதுங்கள். காரணம் 8ஆம் கேள்வியில்.

6. பிடிவலிமை போன மாசம் 18 கிலோ, இந்த மாசம் 21. அம்மா தேறிட்டாங்கன்னு எடுத்துக்கலாமா?

எடுத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கும். அதற்கு முன், எதுவுமே மாறாத ஒருவரை ஒரு வாரம் விட்டு மறுபடி அளந்தால் எண் எவ்வளவு ஆடும் என்று பார்க்க வேண்டும். அந்த ஆட்டத்தின் அளவைத்தான் எஸ்இஎம் என்கிறார்கள், அளவீட்டின் திட்டப் பிழை. அதை 2.77ஆல் பெருக்கினால் எம்டிசி வரும். அதாவது, இவ்வளவுக்கு மேல் மாறினால்தான் ‘இது வெறும் ஆட்டம் இல்லை’ என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஒரு நோயாளிக் குழுவில் பிடிவலிமையின் திட்ட விலக்கம் (ஆளுக்கு ஆள் எண் எவ்வளவு விலகுகிறது என்பதன் அளவு) 8 கிலோ, நம்பகத்தன்மைக் குணகம் 0.91 என்று வையுங்கள். 1லிருந்து 0.91ஐக் கழித்தால் 0.09, அதன் வர்க்கமூலம் 0.3. எட்டால் பெருக்கினால் எஸ்இஎம் 2.4 கிலோ. எம்டிசி கிட்டத்தட்ட 6.6 கிலோ. இந்தக் கணக்குப்படி அம்மாவின் 3 கிலோ ஏற்றம் ஆட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. முன்னேற்றம் இல்லை என்றும் இதற்கு அர்த்தமில்லை. இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் சொல்ல முடியாது. அடுத்த மாதம் 22, அதற்கடுத்து 23 என்று ஒரே திசையில் போனால் கதை வேறு. கூடவே டப்பா மூடியைத் தானே திறக்கிறார், பக்கெட்டைத் தூக்குகிறார் என்றால், எண்ணைவிட அதை நான் நம்புவேன்.

முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் நடுவில் வரும் ஏற்றத்தைத் தனியாகச் சந்தேகியுங்கள். எப்படி அழுத்துவது என்று பழகிக்கொண்டதாலேயே இரண்டாம் நாள் எண் கூடும். முதல் நாளை ஒத்திகையாக வைத்துக்கொண்டு இரண்டாவதிலிருந்து கணக்கைத் தொடங்குவது நல்லது.

7. இந்த டெஸ்டுக்கு ஐசிசி 0.9க்கு மேலன்னு பேப்பர்ல போட்டிருக்காங்க சார். அது போதாதா?

மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் இது. 6ஆம் கேள்வியில் நம்பகத்தன்மைக் குணகம் என்று சொன்னது இந்த ஐசிசியைத்தான். அது கருவியின் குணம் மட்டுமல்ல, யாரை அளந்தீர்கள் என்பதையும் பொறுத்தது. மேலே போட்ட கணக்கில் எஸ்இஎம் 2.4 கிலோ. அதே கருவி, அதே பிசியோ, அதே பிழை. ஆனால் இப்போது ஒரே மாதிரி பலவீனமான டயாலிசிஸ் நோயாளிகளை மட்டும் அளக்கிறீர்கள், திட்ட விலக்கம் 4 கிலோதான். 2.4ஐ 4ஆல் வகுத்தால் 0.6, அதன் வர்க்கம் 0.36, ஐசிசி 0.64. பிழை இம்மிகூட மாறவில்லை, ஐசிசி மட்டும் ‘அருமை’யிலிருந்து ‘சுமார்’ என்ற வகுப்புக்கு இறங்கிவிட்டது.

இதைத் திருப்பியும் செய்யலாம். கல்லூரிப் பையன்களையும் எண்பது வயதுப் பாட்டிகளையும் ஒன்றாகச் சேர்த்து அளந்தால் யார் அளந்தாலும் ஐசிசி 0.95ஐத் தொடும். ஆகவே பேப்பரைப் படிக்கும்போது ஐசிசிக்குப் பக்கத்தில் எஸ்இஎம் இருக்கிறதா, யாரை அளந்தார்கள், எத்தனை நாள் இடைவெளி, ஒரே ஆள் அளந்தாரா இரண்டு பேரா என்று பாருங்கள். 1979லேயே ஷ்ரவுட், ஃப்ளைஸ் என்ற இருவர் ஐசிசிக்கு ஆறு வடிவம் இருப்பதைக் காட்டிவிட்டார்கள். எந்த வடிவம் என்று சொல்லாமல் வெறும் எண்ணைப் போட்டிருந்தால் வைவாவில் மாட்டுவது நீங்கள்தான். பிளாண்ட், ஆல்ட்மன் இருவரும் 1986ல் பிரபலமாக்கிய வரைபடம் ஒன்று போட்டிருந்தால் நல்லது. பலமானவர்களிடம்தான் பிழை கூடுதலா, எல்லாரிடமும் ஒரே அளவா என்பது அதில் கண்ணுக்கே தெரியும்.

8. காலைல ஒரு நம்பர், சாயங்காலம் ஒரு நம்பர். நோய் மாறுதா, டெஸ்ட் தப்பா?

நாள்பட்ட நோயாளிகளைப் பொறுத்தவரை முக்கியமான கேள்வி இதுதான். நம்பகத்தன்மை ஆய்வு எல்லாம் ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது: இரண்டு அளவீடுகளுக்கு நடுவில் நோயாளி மாறவில்லை. நம் ஓபிக்கு வருபவர்களில் பலர் மதியத்துக்குள்ளேயே மாறிவிடுவார்கள்.

முடக்குவாதக்காரருக்குக் காலையில் விரல் மடங்காது. ஏழு மணிக்கும் பதினோரு மணிக்கும் கை வேறு வேறு. பார்க்கின்சனில் லெவோடோபா வேலை செய்யும் ‘ஆன்’ நேரம், மருந்து இறங்கிய ‘ஆஃப்’ நேரம் என்று இரண்டு ஆட்கள் ஒரே உடம்பில் இருக்கிறார்கள். மயஸ்தீனியாவில் மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் பார்த்தால் நன்றாக இருக்கும், அடுத்த டோஸுக்கு முன்னால் பார்த்தால் இறங்கியிருக்கும். அந்த நோயில் முதல் அழுத்தம், இரண்டாவது, மூன்றாவது என்று எண் படிப்படியாக இறங்குவதே நோயின் அடையாளம்; மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் அது காணாமல் போய்விடும். நரம்பின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலே பலவீனம் கூடும். உடலை வருத்தினால் பார்வை தற்காலிகமாக மங்குவதை 1890ல் ஜெர்மன் கண் மருத்துவர் உட்ஹாஃப் கவனித்துச் சொன்னார்; சூடுதான் காரணம் என்று பின்னால் தெரிந்தாலும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. சித்திரை வெயிலில் பஸ் மாறி வந்த மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளியை வந்த கையோடு அளக்காதீர்கள். ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு அளங்கள்.

டயாலிசிஸ் நோயாளிக்கு ஃபிஸ்டுலா (ஊசி ஏற்ற வசதியாக ரத்தக் குழாய்களை இணைத்தது) போட்ட கையைத் தவிர்த்து மற்றக் கையில் பார்ப்பது வழக்கம். டயாலிசிஸுக்கு முன்னாலா பின்னாலா என்பதும் முக்கியம். முடிந்ததும் பிபி இறங்கி, கால் பிடித்து இழுத்து, துவண்டுபோய் வருபவர் முழு மூச்சோடு அழுத்த மாட்டார். வாரத்தின் எந்த டயாலிசிஸ் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், இரண்டு நாள் இடைவெளிக்குப் பிறகு வருபவர் உடம்பில் நீர் கூடுதலாக இருக்கும். சிஓபிடிக்காரருக்குத் தொடைத் தசையைப் பார்ப்பதென்றால் ஆறு நிமிட நடைப் பரிசோதனைக்கு முன்னால் பாருங்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவில் மூச்சு நிதானத்துக்கு வரும்வரை விடுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளவும் விடக்கூடாது.

இதில் எதுவும் கருவியின் பிழையில்லை, எல்லாம் நிஜமான மாற்றம்தான். ஆனால் நாம் தேடும் மாற்றம் இதில்லை. ஆகவே எண்ணுக்குப் பக்கத்தில் நேரம், கடைசி மருந்து எப்போது, டயாலிசிஸ் என்றால் முன்னா பின்னா என்று எழுதுங்கள். ஒரு வரி போதும். அந்த ஒரு வரி இல்லாத எண்ணை அடுத்த முறை எதோடும் ஒப்பிட முடியாது.

9. வலியில அழுத்தவே முடியல. வலியோட எடுத்த நம்பருக்கு மதிப்பு உண்டா?

உண்டு, ஆனால் அது தசையின் பலம் இல்லை. இன்றைக்கு அவர் எவ்வளவு அழுத்த முடிந்தது என்பது. மூட்டு வீங்கியிருந்தாலே, வலி அவ்வளவாக இல்லாவிட்டாலும், முதுகுத்தண்டு அந்தத் தசைக்குப் போகும் கட்டளையைக் குறைத்துவிடும். முழங்கால் தேய்மானத்தில் தொடைத் தசை சூம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். நோயாளி மனதார முயன்றாலும் முழுத் தசையும் இயங்காது. 1954ல் மெர்ட்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், ஒருவர் முழு பலத்தோடு அழுத்தும்போதே நரம்பில் ஒரு மின் அதிர்வு கொடுத்து, விசை மேலும் ஏறுகிறதா என்று பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். ஏறினால் தசையில் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். ஆய்வுக்கூடத்தில் செய்கிறார்கள், ஓபியில் நடக்காது.

ஓபியில் செய்யக்கூடியது இது: எண்ணோடு வலி மதிப்பெண்ணையும் எழுதுங்கள். ‘14 கிலோ, வலி பத்துக்கு 7’ என்று இருந்து, அடுத்த மாதம் ‘19 கிலோ, வலி 2’ என்று வந்தால் வலி குறைந்ததா தசை தேறியதா என்ற கேள்வியையாவது கேட்க முடியும். முடக்குவாதக் கைக்கு ஜமாரின் இரும்புப் பிடி குத்தும். ரப்பர் பல்ப் வகை மீட்டர் தோதானது.

10. பக்கவாதம் வந்த கையில இறுக்கம் இருக்கு. அதுல பவர் பார்க்கலாமா?

பார்க்கக்கூடாது என்று முன்பு சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது பார்க்கலாம் என்பதுதான் பொதுக் கருத்து. பக்கவாதக்காரர்களிடம் டைனமோமீட்டர் அளவீடுகள் நல்ல நம்பகத்தன்மையோடு வந்திருக்கின்றன. மெதுவாக, ஒரே நிலையில், வேகமாக இழுக்காமல் பாருங்கள். முழங்கையை நீட்டச் சொன்னால் தோள் மேலே ஏறுகிறதா என்று கவனியுங்கள்; ஏறினால் நீங்கள் அளப்பது வேறு தசையை.

11. இவர் வேணும்னே குறைச்சு அழுத்துறாரோன்னு சந்தேகம். கண்டுபிடிக்க முடியுமா?

இன்சூரன்ஸ், விபத்து வழக்கு வரும்போது கேட்பார்கள். மூன்று முயற்சியும் ஒன்றுக்கொன்று பெரிதாக வேறுபட்டால், அதாவது மாறுபாட்டுக் கெழு (திட்ட விலக்கம் சராசரியில் எத்தனை சதவீதம் என்பது) 10, 15 சதவீதத்தைத் தாண்டினால், ஆள் நடிக்கிறார் என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். திட்ட விலக்கம் 2 கிலோ. 40 கிலோ அழுத்துபவருக்கு அது 5 சதவீதம். 10 கிலோ மட்டுமே அழுத்த முடிகிற நோயாளிக்கு அதே 2 கிலோ 20 சதவீதம். பலவீனமாக இருப்பதே நடிப்புக்குச் சாட்சியாகிவிடுகிறது!

ஜமாரின் ஐந்து நிலையிலும் அழுத்தச் சொல்லி, வரைபடம் மணி மாதிரி வளைந்தால் நிஜம், தட்டையாக வந்தால் பொய் என்பதும் இதே ரகம்தான். நிஜமாகவே பலமிழந்த கையிலும் அது தட்டையாகத்தான் வரும். இந்தச் சோதனைகளை வைத்து ஒருவரைப் பொய்யர் என்று எழுதும் தைரியம் எனக்கில்லை. ‘அளவீடுகள் ஒத்துப்போகவில்லை’ என்று எழுதுவதோடு நிறுத்திக்கொள்வேன்.

12. மாற்றுத்திறனாளி சான்றுக்குப் போனோம். பவர் 3க்கும் 4க்கும் சதவீதமே மாறுதுங்கிறாங்க. நீங்க சதவீதம் இல்லைன்னீங்களே?

1ஆம் கேள்வியில் சொன்னது அப்படியே நிற்கிறது. ஆனால் அரசாங்கத்துக்கு ஏதோ ஒரு எண் வேண்டும். இந்திய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டியில், கை கால் குறைபாட்டை மதிப்பிடும்போது எம்ஆர்சி கிரேடு 0 என்றால் 100 சதவீத இழப்பு, 1க்கு 80, 2க்கு 60, 3க்கு 40, 4க்கு 20, 5க்கு இழப்பில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். அது அப்படியே இறுதிச் சதவீதமாகாது. மூட்டைச் சுற்றியுள்ள தசைகளின் சராசரியை எடுத்து, அதை ஒரு குணகத்தால் பெருக்கி, மற்ற இழப்புகளோடு சேர்த்தார்கள். ஆனாலும் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி பல சலுகைகளுக்கு 40 சதவீதம் எல்லைக்கோடு என்பதால், விளிம்பில் இருப்பவருக்கு ஒரு கிரேடு மாறினால் நிறைய மாறலாம்.

4க்கு 20 சதவீத இழப்பு என்பது ஒரு நிர்வாக ஏற்பாடு, தசையை அளந்து வந்த முடிவு இல்லை. பாதி பலம் போனவருக்கும் இங்கே 20தான். 3க்கும் 4க்கும் நடுவில் தடுமாறும் நோயாளி சான்று தரும் மருத்துவ போர்டுக்குப் போகும்போது நரம்புப் பரிசோதனை, பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துப் போவது நல்லது. 8ஆம் கேள்வியில் சொன்ன மாதிரி ஏறி இறங்கும் நோயாக இருந்தால், மருந்து போட்டு எவ்வளவு நேரம் ஆனது என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

13. அப்பாவுக்குப் பிடிவலிமை 27 கிலோ. 28க்குக் கீழே போனா சார்கோபீனியான்னு நெட்ல இருக்கே?

சார்கோபீனியா என்பது வயதாவதால் வரும் தசை இழப்பு. அதற்கான ஆசிய நிபுணர் குழு 2019ல் சொன்ன எல்லை ஆணுக்கு 28, பெண்ணுக்கு 18 கிலோ. ஐரோப்பியக் குழுவின் எல்லை 27, 16. ஆக அப்பா இங்கே எல்லைக்குக் கீழே, விமானம் ஏறிப் பாரிஸில் இறங்கினால் சரியாகிவிடுவார். பிடிவலிமை குறைந்தால் ‘இருக்கலாம்’ என்றுதான் அர்த்தம், உறுதி செய்யத் தசை அளவையும் பார்க்க வேண்டும். 6ஆம் கேள்வியின் பிழைக் கணக்கை நினைவில் வைத்தால் 27க்கும் 28க்கும் நடுவில் எதுவும் இல்லை. 17 என்று வந்திருந்தால் நான் வேறு மாதிரி பேசுவேன்.

14. கையை நீட்டச் சொல்லி அமுக்கிப் பார்த்து எந்தச் சாப்பாடு ஆகாதுன்னு சொல்றாங்களே, அதுவும் மசில் டெஸ்ட்தானே?

பெயர் மட்டும்தான் ஒன்று. 1960களில் அமெரிக்காவில் கைரோபிராக்டர் ஒருவர் தொடங்கிய அப்ளைடு கினிசியாலஜி அது. எந்தப் பொருள் என்று அமுக்குபவருக்கும் தெரியாமல், அமுக்கப்படுபவருக்கும் தெரியாமல் வைத்துப் பார்த்தபோது, குருட்டாம்போக்கில் சொல்வதைவிட மேலாக வரவில்லை. அதை வைத்துச் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள்.

15. வீட்டுலயே பார்க்க ஏதாவது வழி இருக்கா?

கைப்பிடி இல்லாத, சாய்ந்துவிடாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை மார்பில் கட்டிக்கொண்டு, ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை வினாடி என்று பார்க்கலாம். ஆசியக் குழு 2019ல் 12 வினாடியும் அதற்கு மேலும் ஆனால் கவனிக்கச் சொன்னது. எப்போதும் அதே நாற்காலி. உயரம் மாறினால் நேரம் மாறும். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். எழும்போது தலை சுற்றுகிறவர்கள், அண்மையில் இதயப் பிரச்சினை வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். இது கால் பலத்தை மட்டும் காட்டாது. மூச்சு, சமநிலை, முழங்கால் வலி எல்லாம் சேர்ந்துதான் அந்த வினாடி.

16. எங்க கிளினிக்ல டைனமோமீட்டர் வாங்க பட்ஜெட் இல்ல. பிபி மெஷினை வச்சுப் பார்க்கலாமா?

பார்க்கலாம். முடக்குவாத கிளினிக்குகளில் பல பத்தாண்டுகளாகச் செய்தது இதுதான். கஃபைச் சுருட்டிக் கட்டி, 20 மி.மீ. பாதரசம் வரை காற்றடித்து, நோயாளியை அழுத்தச் சொல்லி, முள் எதுவரை ஏறுகிறது என்று பாருங்கள். கஃபை எத்தனை சுற்றுச் சுருட்டினீர்கள் என்பதை மாற்றாமலிருக்க, அதற்கென்றே ஒரு பழைய கஃபைத் தைத்து வைத்துக்கொள்ளலாம். இரண்டு சிக்கல் உண்டு. கொஞ்சம் பலமானவர் அழுத்தினால் முள் 300ல் முட்டிக்கொள்ளும், அதற்கு மேல் தெரியாது. இன்னொன்று, அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது என்பதால், சின்னக் கைக்காரரும் பெரிய கைக்காரரும் ஒரே விசையில் வேறு வேறு அளவு காட்டுவார்கள். அதனால் மி.மீ. பாதரசத்தைக் கிலோவாக மாற்றி 13ஆம் கேள்வியின் எல்லைகளோடு ஒப்பிட முடியாது. அதே நோயாளியின் போன மாத எண்ணோடு ஒப்பிடலாம், அதே கஃபாக இருந்தால்.